முனகி

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு ஆள் வேண்டும். எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் உதற வேண்டும். உதறலில் துணி நடுவே புடைத்து 'பட்'டென்று அடித்தால் சுருக்கம் போயிற்று. பிறகு முனையோடு முனை சேர்த்து, ஒருத்தி நடந்து வர மற்றவள் வாங்கிக்கொண்டு, விலகி, மறுபடி சேர்ந்து, மேசைமேல் போட்டு உள்ளங்கையால் ஒரு நீவு. அதற்குள் ரோலர் அடுத்த விரிப்பைத் துப்பியிருக்கும். இருவரில் ஒருத்தி இம்மி பிந்தினாலும் துணி கோணிக்கொள்ளும். கோணியது யாரால் என்று துணி சொல்லாது. பார்க்கிறவர்கள்தான் முடிவு பண்ணிக்கொள்வார்கள்.

அந்தச் சலவைக் கூடத்துக்கு ஊரிலுள்ள ஆஸ்பத்திரித் துணியெல்லாம் வந்தது. பின்கட்டில் அறை அறையாகச் சலவை இயந்திரங்கள். அங்கிருந்து ஈரமும் பாரமுமாக வண்டியில் வரும் விரிப்புகளை ரோலரின் வாயில் கொடுப்பார்கள். கொதிக்கிற இரண்டு உருளைகளுக்கு நடுவே போய், ஆவி பறக்க, தட்டையாக வெளியே வரும். ரோலரில் கொடுக்கிற வேலைதான் அங்கே கடினம். ஈர விரிப்பு தூக்கத் தூக்கத் தோளைப் பிடுங்கும். முகம் முழுக்க அனல். மடிப்பு மேசை அதற்கு எவ்வளவோ தேவலை. ஜன்னலோரம், நின்ற இடத்து வேலை.

ஜன்னலோர மேசையில் நின்ற இருவரையும் எல்லோரும் பெரியவள், சின்னவள் என்றுதான் சொன்னார்கள். அக்கா தங்கை இல்லை, அண்ணியும் நாத்தனாரும். பெரியவளின் புருஷனுக்குக் கூடப்பிறந்தவள் சின்னவள். கட்டிக்கொடுத்த இடம் சரியில்லாமல் ஒரு பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், வந்த வாரத்திலேயே அண்ணியோடு வேலைக்குப் புறப்பட்டுவிட்டாள். ஒரு நாள் உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பது அவளுக்கு உயிர். வீட்டில் அண்ணி துடைப்பத்தைத் தொடுவதற்குள் கூட்டி முடித்திருப்பாள். "எப்படி இவ்வளவு வேகமா செஞ்சே?" என்றால், "இதெல்லாம் ஒரு வேலையா அண்ணி, விளையாட்டு" என்பாள்.

இருவரும் மடித்தால் கை நான்கு என்று தெரியாது. பெரியவளுக்கு அதில் ரகசியமாக ஒரு கர்வம் உண்டு. படிப்பு, நகை, பிள்ளை என்று மற்றவர்கள் பீற்றிக்கொள்ள ஏதாவது வைத்திருந்தார்கள். அவளுக்கு அந்த வேகம்.

மழை பிடித்துக்கொண்ட மாதத்தில் அது கெட்டது. காற்றே ஈரமாக இருந்தது. கூடத்துச் சுவர்கள் வேர்த்தன. சின்னவளின் உதறல் மெலிந்துகொண்டே வந்தது. 'பட்' என்று அடிக்க வேண்டிய துணி 'புஸ்' என்றது. பெரியவள் முதலில் மழைக்குச் சோம்பல் என்று நினைத்தாள். ஒரு மத்தியானம் கை கழுவப் போனவளைக் காணோமே என்று தேடிப் போனால், குழாயடியில் சுவரோடு சுவராகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. திறந்த வாயால் காற்றைக் கடித்துக் கடித்து விழுங்கினாள்.

"என்னடி இது?"

சின்னவள் கையை ஆட்டினாள், ஒன்றுமில்லை என்று. பேச்சு வரக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்பப்ப வரும் அண்ணி. போயிடும்."

"எத்தன நாளா வருது?"

"அங்க இருக்கும்போதே உண்டு. டாக்டர் நெஞ்சுல ஏதோ கதவு சரியா மூடலேன்னார். மாத்திரை கொடுத்தார். அவங்க வீட்டுல வாங்கித் தரல, நானும் விட்டுட்டேன்."

"உங்கண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் வேணாம்." எட்டி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை ஜில்லென்றிருந்தது. "சொன்னா வீட்டுல உக்காருன்னுவான். உக்காந்தா நான் யாரு அண்ணி உங்க வீட்டுல? நோயாளி. வேலைக்குப் போற வரைக்கும்தான் நான் ஒரு ஆளு."

"கிறுக்கு மாதிரி பேசாத. உசுரு பெருசா, வேலை பெருசா?"

"ரெண்டும் ஒண்ணுதான் எனக்கு. இந்த மழை நிக்கட்டும், சரியாயிடும். அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்க. கால்ல விழறேன்."

பெரியவள் வாயைத் திறக்கவில்லை. இரக்கத்தால் மட்டும்தான் என்று அவளால் பிற்பாடு தனக்கே சொல்லிக்கொள்ள முடியவில்லை. மூன்று பேர் உழைத்துத்தான் அந்த மூன்றாம் மாடி வீட்டில் குடியிருக்க முடிந்தது. ஒருத்தி படுத்தால் இன்னொருத்தி வேலையை விட்டு நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். பார்க்கப்போவது யார் என்பதும் அவளுக்குத் தெரியும். மழை நிற்கட்டும் என்று அவளும் நினைத்தாள்.

அன்றைக்கு மாலையே ஒரு விரிப்பு கோணிக்கொண்டது. சூப்பர்வைசர் இரண்டு மேசை தள்ளி நின்றவர் திரும்பிப் பார்த்தார். சின்னவளின் முகம் செத்துப்போயிற்று. பெரியவள் யோசிக்கவே இல்லை. இடுப்பில் கையை ஊன்றி, "ஐயோ அம்மா" என்று முனகினாள்.

"என்னம்மா?"

"இடுப்பு சார். பிடிச்சிக்கிச்சு. இதோ சரியாயிடும்."

சூப்பர்வைசர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். எதிரே சின்னவளுக்கு மூச்சு வாங்க அவகாசம் கிடைத்தது.

அப்படித் தொடங்கியதுதான். நாத்தனாருக்கு மூச்சு இறைக்கும்போதெல்லாம் அண்ணிக்கு இடுப்பு வலித்தது. துணியைக் கீழே விட்டாள். நின்று நெட்டி முறித்தாள். "கொஞ்சம் இருடி, உன் வேகத்துக்கு என்னால முடியல" என்று நாலு பேர் காதில் விழச் சொன்னாள். சின்னவளும் தன் பங்குக்குச் சிரித்தாள், பாட்டை முணுமுணுத்தாள், "வயசாயிடுச்சு எங்க அண்ணிக்கு" என்று கேலி பண்ணினாள். உதறும்போது மட்டும் பெரியவள் இரண்டு பேர் பலத்தையும் தானே கொடுத்து இழுத்தாள். பார்க்கிறவர்களுக்குக் குதிரையும் நொண்டி மாடும் ஒரு வண்டியில் பூட்டிய மாதிரி இருந்தது. எது குதிரை என்பதுதான் மாறிப்போயிற்று.

ரோலரில் கொடுக்கிறவள் ஒருத்தி, வாய் ஓயாதவள். 'ரேடியோ' என்று பெயர் வாங்கியவள். அவள்தான் பெரியவளுக்கு 'முனகி' என்று பேர் வைத்தாள். ஒரே வாரத்தில் கூடம் முழுக்க அந்தப் பேர் பரவியது. "முனகி வந்தாச்சா?" "முனகிக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா." பெரியவளும் சிரித்துவைத்தாள். தனக்கென்று வைத்திருந்த ஒன்றே ஒன்றையும் தன் வாயாலேயே முனகி முனகிக் கரைத்துக்கொண்டிருக்கிறோம் என்று ரொட்டியை டீயில் தோய்க்கும்போது தோன்றும்.

சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அந்தச் சின்னப் பொண்ணைப் பாருங்க. சிரிச்சிக்கிட்டே வேலை செய்யுது. செய்யறதே தெரியல. வேலைன்னா அப்படி இருக்கணும்."

இது வீடு வரைக்கும் வந்தது. துணி வண்டி ஓட்டுகிறவன், பெரியவளின் புருஷன் வேலை பார்த்த டயர் கடையில்தான் காற்றடிப்பான். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில், பருப்பைச் சோற்றில் பிசைந்தபடியே புருஷன் ஆரம்பித்தான்.

"வேலையில ரொம்ப மூக்கால அழறியாமே?"

பெரியவள் கரண்டியோடு நின்றாள். "யார் சொன்னா?"

"ஊரே சொல்லுது. இவ உன்னையும் சேத்து இழுத்துக்கிட்டு ஓடறாளாம். இவளப் பாத்துக் கத்துக்கோ. எத்தன பட்டுட்டு வந்தவ, ஒரு நாள் முகம் சுணங்கியிருக்காளா?"

"விடுண்ணா. அண்ணிக்கு நிஜமாவே இடுப்பு வலி" என்றாள் சின்னவள், தட்டைப் பார்த்துக்கொண்டு.

"வலி யாருக்கில்ல? நான் நாளெல்லாம் டயர் உருட்டறேன், வந்து முனகறேனா?"

பெரியவள் சோற்றுப் பானையை மூடினாள். இன்னொரு வார்த்தை அவன் சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள். அவன் சொல்லவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது சின்னவள் பின்னால் வந்து நின்றாள்.

"கோவமா அண்ணி?"

"இல்ல."

"மழை விட்டதும் நான் நல்லாயிடுவேன். அப்ப நீங்க முனகறத நிறுத்திடலாம்."

"இப்ப நிஜமாவே வலிக்குதுடி" என்றாள் பெரியவள். அது உண்மை. இரண்டு பேருக்கும் சேர்த்து இழுத்து இழுத்து இடுப்பில் நிஜ வலியே குடிவந்துவிட்டது. சின்னவள் அதையும் நடிப்பென்று எடுத்துக்கொண்டு மெதுவாகச் சிரித்தாள்.

மழை விட்டபாடில்லை. ஒரு சனிக்கிழமை மாலை சூப்பர்வைசர் பெரியவளைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான்; திட்டிப் பேசத் தெரியாதவர். பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே சொன்னார்.

"மடிக்கிறதுக்கு மெஷின் வருதும்மா. மேசையைக் குறைக்கச் சொல்லிட்டாங்க. உனக்கு உடம்பும் முடியல. திங்கட்கிழமையிலிருந்து வீட்டுல இருந்து பாத்துக்கோ."

பெரியவள் சின்னவள் நின்ற பக்கம் திரும்பினாள். "அவ?"

"உன் நாத்தனாரா? அவளை விடுவோமா? ரோலர்ல கொடுக்கப் போடறேன். அங்க ஒரு ஆளு வேலையை விட்டு நின்னுட்டா. கூலியும் கொஞ்சம் கூட."

ரோலர் என்றதும் பெரியவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், என்னை ரோலர்ல போடுங்க. அவள மேசையிலயே விடுங்க."

"நின்ன இடத்து வேலையே உனக்கு முடியல. ரோலரா?"

"எனக்கு ஒண்ணுமில்ல சார். இடுப்பெல்லாம் சும்மா. நடிச்சேன்."

அவர் வருத்தமாகச் சிரித்தார். "போகச் சொன்னா எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க."

பெரியவள் திரும்பி நடந்தாள். ஜன்னலோர மேசையில் அன்றைய மிச்சம் குவிந்து கிடந்தது. ஒற்றையாளாக ஒரு விரிப்பை எடுத்தாள். இரண்டு முனையை மேசை இடுக்கில் செருகி, மறுமுனையைப் பிடித்து உதறினாள். 'பட்'. தானே ஓடிப்போய்ச் சேர்த்தாள், மடித்தாள், நீவினாள், அடுத்ததை எடுத்தாள். 'பட்'. கூடத்தில் ஒவ்வொருத்தியாக வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ரேடியோவுக்கே பேச்சு நின்றுவிட்டது. முடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது, ஒதுக்கவில்லை. இடுப்பில் கத்தி இறங்குகிற மாதிரி இருந்தது, முனகவில்லை. குவியல் அடுக்காக மாறியதும் நிமிர்ந்து, மூச்சு வாங்குவது தெரியாமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

சூப்பர்வைசர் அருகில் வந்து அடுக்கின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு நூல் கோணல் இல்லை. அவர் முகத்தில் இருந்த இரக்கம் போய்விட்டிருந்தது.

"இவ்வளவு முடியும்னா, இத்தன நாள் ஏன் செய்யல?"

அதற்குப் பதில் இருந்தது. அந்தப் பதில் ரோலரின் பக்கத்தில், புது வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. சின்னவள் இங்கே திரும்பி, கண்ணாலேயே கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சோம்பேறித்தனம் சார்" என்றாள் பெரியவள்.

வீட்டுக்கு வந்த பிறகு தாங்க முடியவில்லை. புருஷன் செருப்பைக் கழற்றுமுன்பே எல்லாவற்றையும் சொன்னாள். குழாயடி, நீல உதடு, மூடாத கதவு, தன் பொய் இடுப்பு. சொல்லச் சொல்ல அவளுக்கே ஏதோ கட்டிச் சொல்கிற மாதிரிதான் கேட்டது. அவன் தங்கையைப் பார்த்தான்.

"என்ன இது?"

சின்னவள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் நல்ல சிரிப்பு.

"அண்ணிக்கு வேலை போன வருத்தம். அவங்க இடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் பேசுவேன். நீ மனசுல வைக்காதே அண்ணா."

"அடிப்பாவி, ரோலர்ல நிப்பியாடி நீ? ரெண்டு நாள் தாங்குவியா?"

"ஏன் நிக்க மாட்டேன்?"

அன்று மோட்டார் ஓடவில்லை. மாடி வீட்டுக்காரர்கள் எல்லோரும் கீழே தொட்டியிலிருந்து தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார்கள். சின்னவள் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, இருப்பதிலேயே பெரிய குடத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். "வேணாம்டி" என்று பெரியவள் பின்னாலேயே ஓடினாள். புருஷன் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"விடு. நானும் பாக்கறேன்."

இருவரும் மாடிப்படி விளிம்பில் நின்றார்கள். சின்னவள் நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி வந்தாள். இடையில் எதிர்வீட்டுக்காரியிடம் நின்று ஏதோ பேசிச் சிரித்தாள். மூச்சு வாங்கத்தான் நின்றாள் என்பது பெரியவளுக்குத் தெரிந்தது; அவனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் வந்து, துளி சிந்தாமல் இறக்கி வைத்தாள்.

"போதுமா அண்ணா? இன்னொண்ணு கொண்டு வரட்டுமா?"

அவன் பொண்டாட்டியைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "பொறாமைல மனுஷி இவ்வளவு கீழ எறங்கக் கூடாது" என்றான். சின்னவள் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திறந்து விட்டிருந்தாள். மோட்டார் ஓடாத வீட்டில் குழாயில் தண்ணீர் ஏது? அது காற்றைத்தான் கக்கியது. அந்தச் சத்தத்துக்குள்ளே இன்னொரு காற்றின் சத்தம் பெரியவள் காதில் மட்டும் விழுந்தது.

திங்கட்கிழமை சின்னவள் தனியாக வேலைக்குப் போனாள். பெரியவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானம் வேகவைத்த முட்டையும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி கூடத்துக்கு நடந்தாள். கம்பிக் கதவு வழியாக ரோலர் தெரிந்தது. சின்னவள் வண்டியில் குனிந்து ஈர விரிப்பை வாரி எடுத்தாள், நெஞ்சோடு அணைத்து நிமிர்த்தினாள், உருளையின் வாயில் கொடுத்தாள், மறுபடி குனிந்தாள். ஆவிக்குள்ளே அவள் முகம் வந்து வந்து போனது. யாரும் பார்க்காத நேரத்தில்கூட அந்த முகம் சிரித்தபடியே இருந்ததைக் கண்டதும் பெரியவளின் கை கம்பிக் கதவுக்குப் போனது. கதவைத் தட்டி உள்ளே ஓடி அவளை இழுத்து வந்திருக்கலாம். யார் நம்புவார்கள்? வேலை போனவள், பொறாமைக்காரி, முனகி. பொட்டலத்தைக் காவல்காரனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

மறுநாள் மாலை, படிக்கட்டின் முதல் திருப்பத்தில் சின்னவள் உட்கார்ந்துவிட்டாள். வேலையிலிருந்து திரும்பிய அண்ணன்தான் முதலில் பார்த்தான். "என்ன இங்க உக்காந்திருக்கே?" என்றான். அவள் சிரிக்க முயன்றாள். வாயோரம் நுரை இளஞ்சிவப்பாக வந்தது. அவன் போட்ட சத்தத்தில் மூன்று மாடியும் கதவைத் திறந்தது. தங்கையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மழையில் ஓடினான். தெருமுனையில் ஓர் ஆட்டோ நின்றது. பெரியவள் செருப்பில்லாமல் பின்னால் ஓடி ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை எடுக்காமலேயே முகத்தைச் சுளித்தார். "இவ்வளவு மோசமா இருக்கறப்ப வேலைக்கா அனுப்பினீங்க? கூட இருக்கிறவங்க கண்ணு எங்க போச்சு?"

அவன் சுவரைப் பார்த்தான். பெரியவளைப் பார்க்கவில்லை.

மூக்கில் குழாய் மாட்டியிருந்த சின்னவளிடம் டாக்டரம்மா குனிந்து, "எப்படி இருக்கும்மா? ரொம்பத் திணறுதா?" என்று கேட்டார்.

சின்னவள் அண்ணன் நின்ற பக்கம் கண்ணைத் திருப்பினாள்.

"லேசாத்தான்" என்றாள்.

வராந்தாவில் அவன் உறவுக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் பேசினான். முதல் போனில், "தெருமுனை வரைக்கும் தூக்கிட்டு ஓடினேன்" என்றான். அடுத்ததில் ஆட்டோ கிடைக்காமல் ஒரு தெரு தாண்டினான். பெரியம்மாவிடம் பேசியபோது பாதி தூரம் தோளிலேயே கொண்டுவந்து சேர்த்திருந்தான், "என் தோளு இன்னும் வலிக்குது பெரியம்மா, ஆனா அதுவா முக்கியம்?" என்று சொல்லும்போது அவன் குரல் உடைந்து அழுகையாகிவிட்டது. பெரியவள் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். திருத்தவில்லை. அவனுக்கு அது வேண்டியிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

போனை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "நீ சொன்னே" என்றான்.

"சொன்னேன்."

"நல்லா சொல்லியிருக்கலாம். நம்பற மாதிரி."

அவள் ஈரக் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் பிழைத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். கதவை மாற்றுகிற ஆபரேஷனுக்கு உடம்பில் தெம்பு வரட்டும் என்றார்கள். தெம்பு எப்போது வரும் என்று சொல்லவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து நடு அறையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். தலைமாட்டில் மூன்று தலையணை. அதற்குக் குறைந்தால் மூச்சு முட்டியது. எந்தப் பேர் தனக்கு வந்துவிடக் கூடாது என்று ஓடினாளோ, அந்தப் பேரோடு படுத்திருந்தாள். யாராவது அறைக்குள் வந்தால் எழுந்து உட்காரப் பார்ப்பாள். "எனக்காகத் தனியா எதுவும் செய்யாதீங்க" என்பாள். தண்ணீர் கேட்க வெட்கப்பட்டுத் தாகத்தோடு கிடப்பாள்.

ரோலருக்கு ஆள் வேண்டியிருந்தது. ரேடியோவே வந்து சொன்னாள், பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டு, அதிகம் பேசாமல். பெரியவள் போனாள். சூப்பர்வைசர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார்.

நாளெல்லாம் ஈரத்தை வாரி அனலில் கொடுத்துவிட்டு, படியேறி வரும்போது அவளுக்குக் கை கால் தன்னுடையது இல்லை. முதல் சில நாள் வாசலிலேயே நின்று, முகத்தைத் துடைத்து, மூச்சைச் சீராக்கிக்கொண்டுதான் உள்ளே போனாள். சின்னவள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"கஷ்டமா அண்ணி?"

"இல்லடி. பழகிடுச்சு."

சின்னவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அன்றைக்குக் கஞ்சி இறங்காது.

ஒரு நாள் பெரியவள் வாசலில் நிற்கவில்லை. நிற்கத் தெம்பில்லை. நேரே வந்து கட்டிலோரம் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"கஷ்டமா அண்ணி?"

"கஷ்டம்டி. சாகடிக்குது. தோள்பட்டை கழண்டு விழற மாதிரி இருக்கு. கொஞ்சம் பிடிச்சு விடறியா?"

சின்னவள் நம்பாமல் பார்த்தாள். பிறகு தலையணையில் கையூன்றி, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு கையையும் அண்ணியின் தோளில் வைத்தாள். அழுத்தினாள். அவள் மூச்சு விசில் போல இழுத்தது, நெற்றி வேர்த்தது. இருந்த பலத்தையெல்லாம் விரலுக்குக் கொண்டுவருகிறாள் என்பது அந்த மூச்சில் தெரிந்தது. தோளில் ஒன்றும் தெரியவில்லை. ஈ உட்கார்ந்து எழுந்த மாதிரி இருந்தது.

"அழுத்தம் போதுமா அண்ணி?"

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஐயோ அம்மா" என்று முனகினாள். "மெல்லடி. வலிக்குது."